விரல் ஆடுதா?

என் மகளுக்குக் கனடாவில் மேல்படிப்புக்கு இடம் கிடைத்தது. ரெண்டாயிரத்துக்கு அப்புறம் நாலைந்து வருஷம் இருக்கும். எங்கள் வகையறாவில் அதுவரைக்கும் யாரும் ஏரோப்ளேன் ஏறினது இல்லை. அதைச் சொல்லாமல் மேலே போக எனக்கு மனசு வராது. நான் ரெண்டாங்கிளாஸோடு நின்றவள். எழுத்துக் கூட்டித்தான் இதை எழுதுகிறேன், மெதுவாகத்தான் வரும்.

தை பிறப்பதற்குள் அங்கே போய்ச் சேரணும். அப்போது அந்த ஊரில் முழங்கால் அளவுக்குப் பனி கிடக்குமாம். எனக்குத் தெரிந்த பனி, மார்கழியில் கோலம் போடும்போது முதுகில் இறங்குகிற குளிர்தான். அங்கே சரியான பூட்ஸ் இல்லாமல் நடந்தால் கால்விரல் கறுத்து, வெட்டி எடுக்கிற மாதிரி ஆகிவிடும் என்று யாரோ சொன்னதை அவள் சிரித்துக்கொண்டே என்னிடம் சொன்னாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. பௌர்ணமிக்குப் பௌர்ணமி வெறுங்காலோடு மலையைச் சுற்றின பிள்ளை. விரலெல்லாம் விசிறி மாதிரி விரிந்திருக்கும். போன விரல் அத்தனையும் அப்படியே திரும்பி வரணுமே என்பதுதான் என் கவலை.

தீபம் முடிந்த கையோடு மெட்ராஸ் போனோம். பனி பூட்ஸ் விற்கிற கடையில் நானே பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன். செருப்பென்றால் காலைக் கவ்விப் பிடிக்கணும். தொளதொளவென்று இருந்தால் இழுத்து இழுத்துத்தான் நடக்க வரும், பெண்பிள்ளை அப்படி நடந்தால் எங்கள் பக்கம் பேச்சு வரும்.

கடைக்காரர், "ஒரு சைஸ் ஜாஸ்தியா எடுங்கம்மா" என்றார்.

"அவ வளர்ந்து முடிஞ்சவ. இனிமே வளரப்போறது இல்ல" என்றேன்.

மகள் வாயைப் பொத்திக்கொண்டாள். விரலை ஒடுக்கி, மூச்சைப் பிடித்து, அந்தக் கவ்வுகிற ஜோடியையே மாட்டினாள். எனக்குத் திருப்தி.

எங்கள் வீடு செங்கம் ரோட்டுப் பக்கம், ஆசிரமத்துக்குக் கிட்டே. மாடி ரூமில் வருஷா வருஷம் ஒரு வெள்ளைக்காரம்மா வந்து தங்குவாங்க. அவங்க ஊரும் பனி ஊர்தான். நான்கு மாசம் இங்கே இருந்துவிட்டுப் போவாங்க, தமிழ் கொஞ்சம் வரும். வாங்கி வந்த பூட்ஸை அவங்களிடம் பெருமையாகக் காட்டினேன். மகள் போட்டு நின்றாள். அந்தம்மா குனிந்து, முன்பக்கத்தைக் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்தாங்க.

"விரல் ஆடுதா?"

"ஆடல" என்றாள் மகள்.

"சின்னது, அக்கா. ரத்தம் ஓடாது. உள்ள காத்து வேணும்."

"காத்து பட்டா காபியே ஆறிடுது. கால் ஆறாதா?" என்றேன்.

"அம்மா, அது வேற காத்து" என்றாள் மகள்.

"காத்துல என்னடி வேற காத்து?"

அந்தம்மா பதிலுக்குத் தமிழ் தேடிப் பார்த்து, கிடைக்காமல், மேலே போய்த் தன் பழைய பூட்ஸையும் கம்பளி சாக்ஸையும் எடுத்து வந்து என் முன்னால் வைத்தாங்க. பார்க்கவே பூசணிக்காய் மாதிரி இருந்தது. வாயால் சொன்னதை நம்புகிற ஆள் நான் இல்லை. பஸ் ஸ்டாண்டுக்கு அந்தாண்ட ஒரு ஐஸ் கம்பெனி இருந்தது, மீன்காரருக்கும் ஜூஸ் கடைக்கும் கட்டி கட்டியாக ஐஸ் போடுகிற இடம். அங்கேயே பார்த்துவிடலாம் என்று ரெண்டு ஜோடியையும் பையில் போட்டு, மகளைக் கூட்டிக்கொண்டு போனேன்.

ஐஸ் கம்பெனிக்காரர் எங்களைப் பார்த்து, "என்னக்கா, பொண்ண மீனாட்டம் ஐஸ்ல வெச்சு அனுப்பப் போறீங்களா?" என்றார்.

"வழியில கெட்டுப்போகக் கூடாதில்ல" என்றேன்.

ஐஸ் அடுக்குகிற ரூமைத் திறந்துவிட்டார். நான் அதுவரைக்கும் உள்ளே போனதில்லை. வெள்ளைப் புகை தரையோடு தரையாக எங்கள் காலைச் சுற்றி வந்தது. ஆள் நீளத்துக்குக் கட்டிகள். உள்ளே கண்ணாடி மாதிரி நீலம். கற்பூர ஆரத்தி பார்க்கிற மாதிரி கை தானாகக் கூப்ப வந்தது, அடக்கிக்கொண்டேன். வெறுங்காலை ஒரு கட்டிமேல் வைத்துப் பார்த்தேன். சித்திரை வெயிலில் தார் ரோட்டில் நடக்கிற கால் என்னுடையது. வைத்த வேகத்தில் எடுத்துவிட்டேன். சுட்டது. நிஜமாகவே நெருப்பு மாதிரி சுட்டது.

மகள் வலதுகாலில் நான் எடுத்த பூட்ஸும், இடதுகாலில் கம்பளி சாக்ஸோடு அந்தப் பூசணிக்காயும் போட்டு ஐஸ்மேல் நின்றாள். நான் வெளியே வந்து வெயிலில் நின்று, திரும்பவும் உள்ளே போய், இப்படியே கொஞ்ச நேரம் போச்சு.

"அம்மா, வலது கால் எங்க இருக்குன்னே தெரியல" என்றாள்.

உட்கார வைத்து ரெண்டையும் கழற்றினேன். வலதுகால் விரலைத் தொட்டேன், செத்த மீன் மாதிரி இருந்தது, நகமெல்லாம் வெளுத்திருந்தது. இடதுகால் விரலைத் தொட்டேன். போர்வைக்குள்ளிருந்து அப்போதுதான் எடுத்த குழந்தைக் கால் மாதிரி வெதுவெதுவென்று இருந்தது. அதே ஐஸ், அதே பிள்ளை. காலி இடம் என்று நான் நினைத்ததில் அவ்வளவு சூடு உட்கார்ந்திருந்தது. ரெண்டு கையிலும் ரெண்டு காலைப் பிடித்துக்கொண்டு மாற்றி மாற்றி அழுத்திப் பார்த்தேன்.

"என்னம்மா?" என்றாள்.

"வேற காத்துதான்டி" என்றேன்.

மறுபடியும் மெட்ராஸ். பெண்கள் பூட்ஸ் எதிலும் அவள் விரிந்த விரல் அடங்கவில்லை. ஆம்பளைங்க வரிசையில் பெரிய சைஸில் ஒரு ஜோடி கிடைத்தது. கம்பளி சாக்ஸோடு போடச் சொன்னேன். கடைக்காரர் என்னைப் பார்த்து, "வளர மாட்டாங்கன்னீங்களே" என்றார்.

"வளர்ந்துட்டா" என்றேன். "நீ விரலை ஆட்டுடி."

பூட்ஸ் தோலுக்கு மேலேயே ஆட்டம் தெரிந்தது.

அவள் போய்ச் சேர்ந்த பிறகு போன் வரும்போதெல்லாம் சாப்பிட்டாயா என்று கேட்பதற்கு முன்னால் அதைத்தான் கேட்பேன். ஆடுதும்மா என்பாள். ஒருநாள், "இரும்மா, கேளு" என்று சொல்லி, போனைக் காலுக்குக் கிட்டே பிடித்துக்கொண்டு பனியில் நடந்தாள். களத்தில் மல்லாட்டை, அதான் வேர்க்கடலை, உரித்த தோல் குவித்திருக்கும்போது அதன்மேல் நடந்தால் ஒரு சத்தம் வருமே, நறுக் நறுக்கென்று, அதே சத்தம். அவள் நடந்துகொண்டே இருந்தாள்.