பேயை விரட்டப் பிடித்த சிகரெட்

என் மகளைப் பிடித்திருப்பதாக நாங்கள் நம்பிய பேயை விரட்டுவதற்காக, நான் நான்கு மாதம் வழக்கத்தைவிட அதிகமாக சிகரெட் பிடித்தேன். நான் படித்தவன். அலமாரி நிறையப் புத்தகம் வைத்திருந்தவன். டீக்கடையில் மூடநம்பிக்கையைக் கண்டித்து ஒரு மணி நேரம் பேசக்கூடியவன். சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது. ஆனால் வல்லக்கோட்டை முருகன் எனக்குச் செய்ததைச் சொல்ல வேண்டுமென்றால் என் முட்டாள்தனத்திலிருந்துதான் தொடங்க வேண்டும். அந்த விஷயத்தில் என் பங்கு அது ஒன்றுதான்.

எழுபதுகளின் நடுப்பகுதி. ஸ்ரீபெரும்புதூரில் ஓர் அலுவலகத்தில் எனக்குக் குமாஸ்தா வேலை. ஒரகடத்துக்கு அருகே ஒரு கிராமத்தில் வீடு. ஓர் அறை, ஒரு சமையல்கட்டு, ஒரே ஒரு ஜன்னல். ஏரிக் கொசுவுக்குப் பயந்து அதையும் மாலையிலேயே சாத்திவிடுவோம். சாத்திய அறைக்குள் உட்கார்ந்து நான் பேப்பர் படிப்பேன். படிக்க ஒரு சிகரெட். செய்தி மோசமாக இருந்தால் இன்னொன்று. அந்தக் காலத்தில் நல்ல செய்தி குறைவு.

மாசி மாதம், எனக்கு விடாத இருமல் பிடித்திருந்த சமயத்தில், தொடங்கியது அது. என் மகள் செல்விக்கு அப்போது ஒன்பது வயது. மாலை ஆறு மணிக்கு வாசலில் என் சைக்கிள் மணி கேட்டதும் அவள் கை சில்லிட்டுப் போகும். மூச்சு வாங்கும். நெல் குதிருக்குப் பின்னால் போய் ஒண்டிக்கொள்வாள். கேட்டால், “நெஞ்சு படபடங்குது” என்பாள். அதற்கு மேல் ஒரு வார்த்தை வராது. நகத்தை ரத்தம் வரும்வரை கடித்தாள். தூக்கம் போயிற்று. பள்ளிக்கூடம் நின்றது. பங்குனிக்குள் குழந்தை பாதியாகிவிட்டாள்.

காரணத்தை மாசியிலேயே கண்டுபிடித்துவிட்டவள் பக்கத்து வீட்டு முனியம்மா அக்காதான்.

“நீ வர்ற நேரத்துக்குத்தானே கொயந்த நடுங்குது? அப்ப இன்னா அர்த்தம்? ஏரிக்கரையில ஏதோ காத்து கருப்பு உன் சைக்கிள்ல குந்திக்கினு வருது சார். கையில நெருப்பு வெச்சிக்கினு வா. நெருப்பைக் கண்டா அது கிட்ட வராது.”

சிரித்திருக்க வேண்டும். சிரிக்கவில்லை. பயந்த அப்பனுக்குப் படிப்பு உதவாது. ஏரிக்கரை தொடங்கும் இடத்தில் ஒரு சிகரெட்டைப் பற்றவைத்து, அது அணையாமல் வீட்டுக்குள் வரை கொண்டுவந்தேன். குழந்தையின் தலையைச் சுற்றி ஊதினேன். “பேய் கிட்ட வராதும்மா” என்றேன். கமலா, என் மனைவி, மிளகாயைச் சுற்றி அடுப்பில் போடுவாள். அதற்குமேல் சாம்பிராணி. ஜன்னலோ சாத்தியிருக்கும். எங்கள் முகம் எங்களுக்கே தெரியாது. குழந்தையின் நடுக்கம் மட்டும் தெரியும்.

டாக்டரிடமும் போனேன். அவர் செல்வியின் நெஞ்சில் குழாயை வைத்துப் பார்த்தார். “லங்ஸ் நல்லாத்தான் இருக்கு. பயந்த சுபாவம்” என்று டானிக் எழுதினார். பிறகு என்னிடம், “தீப்பெட்டி இருக்கா சார்?” என்றார். இருவரும் பற்றவைத்துக்கொண்டு, குழந்தைக்கு ஏன் மூச்சு வாங்குகிறது என்று அக்கறையோடு பேசினோம். குழந்தை எங்களுக்கு நடுவில் உட்கார்ந்திருந்தாள்.

வைகாசியில் ஒரு மாலை. மழை. கையில் நெருப்போடு நான் உள்ளே நுழைந்ததும் செல்வி பின்கதவைத் திறந்துகொண்டு ஓடிவிட்டாள். தேடினோம். கேழ்வரகுக் கொல்லையில் சேற்றில் சுருண்டு கிடந்தாள். நான்கடி தள்ளிக் கைப்பிடிச் சுவர் இல்லாத கிணறு. தூக்கப் போனேன். “வூட்டுக்கு வரமாட்டேன்” என்று அலறினாள். அந்த அலறல் என்னைப் பார்த்து.

அன்று நான் உடைந்தேன்.

மறுநாள் அலுவலகம் போகும் வழியில் சைக்கிளை வல்லக்கோட்டைக் கோயிலுக்குத் திருப்பினேன். ஆண்டுக்கணக்காக அந்த வழியாகப் போயும் இறங்காதவன். உள்ளே முருகன் அண்ணாந்து பார்க்கும் உயரத்தில் நிற்கிறார். குமாஸ்தாவுக்கு அண்ணாந்து பார்ப்பது பழக்கம், ஆனால் அழுதுகொண்டே பார்த்தது அன்றுதான். பாட்டு எதுவும் வாயில் வரவில்லை. “என் குழந்தை என்னைப் பார்த்து நடுங்குதப்பா. அவளை விட்டுடச் சொல்லு” என்று மட்டும் சொன்னேன். ஆடிக் கிருத்திகைக்குக் காவடி எடுப்பதாக வேண்டிக்கொண்டேன்.

எங்கள் அலுவலக பியூன் ஏழுமலை வருஷம் தவறாமல் காவடி எடுப்பவர். அவர்தான் எனக்கு மாலை போட ஏற்பாடு செய்தார்.

“ஒரு மண்டலம் சார். கறி மீனு கூடாது. பீடி சிகரெட்டு மூச்! தொட்டா சாமி குத்தம்.”

“ஒண்ணே ஒண்ணு?”

“பேரம் பேச இன்னா, சந்தைக்கா வந்துகீற?”

முதல் வாரம் நரகம். பென்சிலைக் கடித்தேன். அலுவலகத்தில் எல்லோரிடமும் சண்டை. வீட்டில் மிளகாயும் சாம்பிராணியும் நின்றன. மாலை போட்ட வீட்டை எதுவும் அண்டாது என்று முனியம்மா அக்காவே உத்தரவு கொடுத்துவிட்டாள்.

இரண்டாவது வாரம், நான் வரும்போது செல்வி குதிருக்குப் பின்னால் இல்லை. சமையல்கட்டு வாசலில் நின்றாள். மூன்றாவது வாரம் தெருவாசலுக்கு வந்தாள். முருகன் காவடிக்கு முன்பணமாகவே வரம் கொடுத்துவிட்டார் என்று நினைத்துக்கொண்டேன்.

ஆனி கடைசியில் ஒரு நாள் அவளைச் சைக்கிளில் வைத்துத் தள்ளிக்கொண்டு போனேன். திடீரென்று சொன்னாள்: “அப்பா, இப்ப உன் மேல வாசனை இல்ல.”

“இன்னா வாசனை?”

“பொக. நீ வந்தா வூடு பூரா பொகையா பூடும். மூச்சு வுட முடியாது. நின்னு பூடும்னு பயமா இருக்கும். நீ வேற இருமிக்கினே இருப்ப. உனக்கும் நின்னு பூடுமோன்னு பயமா இருக்கும்.”

“ஏம்மா சொல்லல?”

“நெருப்பு இல்லன்னா பேய் வந்துடும்னு நீதானே சொன்ன?”

சைக்கிளை நிறுத்திவிட்டேன். புகை உள்ளே, பேய் வெளியே. நடுவில் ஒன்பது வயதுக் குழந்தையை நான்கு மாதம் தனியாக நிறுத்தி வைத்திருந்தேன்.

ஆடிக் கிருத்திகையன்று காவடியோடு சன்னதியில் நின்றபோதுதான் எனக்கு முழுதாக விளங்கியது. விரதத்தை நான் கட்டணம் என்று நினைத்திருந்தேன். மருந்தே அதுதான். என் குழந்தையை விட்டுவிடும்படி அவரிடம் கேட்டேன். நான் எதை விட வேண்டுமோ அதை அவர் விட வைத்தார்.

மாலையைக் கழற்றிவிட்டு வெளியே வந்தோம். விரதம் முடிந்த காவடிக்காரர்கள் முதலில் தேடுவது பீடியைத்தான். ஏழுமலை ஒன்றை என்னிடம் நீட்டினார். கை தானாகப் போயிற்று. விரலில் வாங்கியும்விட்டேன். செல்வி அம்மாவின் புடவையைப் பிடித்துக்கொண்டு, என் விரலையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் மூச்சு வாங்கத் தொடங்கியிருந்தது. “முருகா” என்றேன், வாய்விட்டு. பீடியை ஏழுமலையிடமே கொடுத்துவிட்டேன். அதன் பிறகு இன்றுவரை தொடவில்லை.

ஒரே நாளில் எல்லாம் சரியாகிவிட்டது என்று பொய் சொல்ல மாட்டேன். அவள் பழையபடி பள்ளிக்கூடம் போக மேலும் பல மாதம் ஆயிற்று. கதவு பட்டென்று சாத்தினால் இன்றும் திடுக்கிடுகிறாள். அது என் கணக்கு. ஆனால் இப்போது ஆசிரியர் பயிற்சியில் இருக்கிறாள், வாய் ஓயாமல் பேசுகிறாள். எங்கள் வீட்டு ஜன்னல் மாலையிலும் திறந்தே இருக்கிறது. கொசு கடிக்கிறது. கடிக்கட்டும்.

முருகனை நம்பும் என் சகோதர சகோதரிகளே, உங்கள் வீட்டில் ஒரு பிள்ளை காரணம் தெரியாமல் நடுங்கினால், தயங்காமல் அவர் முன்னால் போய் நில்லுங்கள். நிச்சயம் பதில் சொல்வார். அந்தப் பதில் உங்கள் சட்டைப்பையில் இருக்கும் பாக்கெட்டைக் கைகாட்டினால் முறைத்துக்கொள்ளாதீர்கள்.

இதை எழுதி முடித்துக் கமலாவிடம் படித்துக் காட்டினேன். கண் கலங்குவாள் என்று எதிர்பார்த்தேன். அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டே முழுவதையும் கேட்டாள். பிறகு சொன்னாள்:

“கல்யாணம் ஆன நாள்லேர்ந்து நானும் இதையேதான் சொல்லிக்கினு கீறேன். எனக்கு ஒரு தேங்கா ஒடைச்சியா நீ?”