ஓரத்தில் ஒரு கட்டைவிரல்

போனில் இடமில்லை என்று இன்று திருவொற்றியூரில் ஒரு மொபைல் கடைக்குப் போனேன்.

கடைக்காரர் கேலரியைத் தள்ளித் தள்ளிப் பார்த்தார். "இன்னாக்கா, எல்லாம் ஒரே கடலா கீது? ஒண்ண வச்சிகினு மிச்சத்த தூக்கிடவா?"

கப்பலில் வேலை செய்யும் என் வீட்டுக்காரர், சிக்னல் கிடைக்கும்போதெல்லாம் அனுப்பும் படங்கள் அவை. முகத்தைக் காட்டச் சொன்னால் வெட்கப்படுவார். கடலைத்தான் எடுப்பார்.

"ஓரத்துல வேற கட்டவெரலு மறைக்குதுக்கா."

"அந்த வெரலுக்காகத்தான் வச்சிகினு கீறேன் தம்பி."

அவர் எல்லாவற்றையும் ஒரு மெமரி கார்டில் ஏற்றி, போனிலேயே போட்டுக் கொடுத்தார்.

கடை வாசலிலேயே நின்று அந்த விரலைப் பெரிதாக்கிப் பார்த்தேன். மனுஷன் நகமே வெட்டவில்லை.

வெட்டச் சொல்லி வாட்ஸ்அப்பில் மெசேஜ் போட்டேன். இன்னும் ஒற்றை டிக்தான், அவருக்குப் போய்ச் சேரவில்லை.

கப்பல்காரர் வீட்டுப் பெண்களே, உங்களில் யாருக்காவது இரண்டாவது டிக் விழுந்ததா?