நீட்ட முடியாத கால்

யுத்தம் முடிந்த வருஷம் எனக்குப் பத்தொன்பது வயது. மயிலாப்பூரில் பிறந்து, தியாகராய நகரில் வாழ்க்கைப்பட்டு இரண்டு வருஷம் ஆகியிருந்தது. கணவர் சர்க்கார் ஆபீஸில் குமாஸ்தா. வீட்டில் மாமியார், மாமனார், நாங்கள் இருவர். குழந்தை இல்லை.

முதலில் இடுப்புக்குச் சற்று மேலே, முதுகெலும்பில் வலித்தது. தண்ணீர்க் குடம் தூக்கியதால் என்று நினைத்துக்கொண்டேன். பிறகு வலி இறங்கி வலது தொடைக்கு வந்தது. உட்கார்ந்திருந்தால் வலிக்காது. குந்தி உட்கார்ந்து அரிசி களையலாம், காய் நறுக்கலாம். எழுந்து நின்று காலை நேராக ஊன்றினால்தான் உயிர் போகும். அதனால் முன்னால் குனிந்து, முழங்காலை மடக்கி, நுனிக்காலால் நடந்தேன். முழங்காலுக்கு அடியில் தலையணை வைக்காமல் படுக்க முடியாது. சாயங்காலமானால் உடம்பு சுடும். ரவிக்கைகளெல்லாம் தொளதொளத்துப் போயின.

உட்கார முடிகிறது, நிற்க முடியவில்லை என்று சொல்லும் மருமகளை யார் நம்புவார்கள்? மாமியார் என்னைப் பார்க்காமல், என் காதில் விழும்படி கணவரிடம் சொன்னார்:

"சாப்பிட உக்காரச் சொன்னா உக்காந்துடறா. அடுப்பண்ட நிக்கச் சொன்னா மட்டும் கால் மடங்கிண்டுடறது."

கணவர் பேப்பரில் அடுத்த பக்கத்தைத் திருப்பினார். என் கால் மடங்கிப்போனதை நான் மன்னித்துவிட்டேன். அந்தப் பக்கத்தைத் திருப்பியதை மன்னிக்கவில்லை.

சில வாரங்களில் வலது அரையில், தொடை இடுக்கில், ஒரு வீக்கம் தெரிந்தது. எலுமிச்சம்பழம் அளவு. தொட்டால் சூடில்லை, வலியும் அதிகமில்லை. இடம் அப்படிப்பட்டது என்பதால் ஒரு மாதம் யாரிடமும் சொல்லவில்லை. சொன்னபோது குடும்ப டாக்டரை அழைத்து வந்தார்கள். மாமியார் பக்கத்தில் நிற்க, புடவைக்கு மேலாகவே அவர் தொட்டுப் பார்த்தார். முதுகைப் பார்க்க வேண்டும் என்று அவருக்குத் தோன்றவில்லை. முதுகு வலியை இதோடு சேர்த்துச் சொல்ல வேண்டும் என்று எனக்கும் தெரியவில்லை.

அரையாப்பு, கீறிவிட்டால் சரியாகிவிடும் என்றார். அந்த வார்த்தையைக் கேட்டதும் மாமியாரின் முகம் மாறியது. கெட்ட வழியில் போனவர்களுக்கு வருவது என்று அதற்கு ஒரு பெயர் உண்டு. அன்று முதல் என் தட்டும் டம்ளரும் தனியாக வைக்கப்பட்டன.

பின்கட்டு அறையில் பெஞ்சின்மேல் படுக்கவைத்துக் கீறினார். நீர்த்த மோர்போலச் சீழ் வந்தது. நிற்கவே இல்லை. ஒரு சொம்புக்கு மேல் இருக்கும். டாக்டர் அதை எதிர்பார்க்கவில்லை என்பது அவர் கை தயங்கியதில் தெரிந்தது. துணியைத் திணித்துக் கட்டிவிட்டுப் போனார். புண் மூடவில்லை. பத்து நாளில் நாற்றமெடுத்து, குளிர் ஜுரம் வந்தது. இரண்டு மாதம் பிறந்தகத்தில் இருந்துவிட்டு வரட்டும் என்று என்னை அனுப்பிவைத்தார்கள்.

அப்பா என்னை ஜட்காவில் பெண்கள் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார். அங்கே இருந்த லேடி டாக்டர் புண்ணைப் பார்க்கும் முன்பு என்னை மல்லாக்கப் படுக்கவைத்து இரண்டு காலையும் நீட்டச் சொன்னார். இடது கால் நீண்டது. வலது முழங்கால் மேலே எழும்பியே நின்றது. அதை அழுத்தினால் என் இடுப்பு வளைந்து கட்டிலைவிட்டு எழும்பியது. பிறகு குப்புறப் போட்டு முதுகெலும்பை ஒவ்வொரு கணுவாகத் தட்டினார். ஓர் இடத்தில் நான் கத்திவிட்டேன்.

எக்ஸ்ரே படத்தில் இரண்டு கணுக்கள் அரித்துப்போய் ஒன்றின்மேல் ஒன்று சரிந்திருந்தன. எலும்பில் காசம். அங்கே ஊறிய சீழ், முதுகெலும்பிலிருந்து தொடைக்குப் போகும் சதையின் உறைக்குள்ளேயே வழிந்து அரைக்கு இறங்கியிருக்கிறது. அந்தச் சதை இழுத்துப் பிடித்ததால்தான் கால் நீளவில்லை என்று விளக்கினார்.

"இதைக் கீறியிருக்கக் கூடாதும்மா. நல்ல தோல் வழியா ஊசி போட்டுச் சீழை உறிஞ்சி எடுத்திருக்கணும். இப்போ வெளிக் கிருமியும் உள்ளே போயிடுச்சு," என்றார். பிறகு, வீட்டில் யாருக்காவது நாள்பட்ட இருமல் உண்டா என்று கேட்டார்.

மாமனாருக்கு இருந்தது. ஆஸ்துமா என்பார்கள். அவருடைய எச்சில் படிக்கத்தைக் காலையும் மாலையும் இரண்டு வருஷம் நான்தான் அலம்பினேன்.

அப்பா அவர்கள் வீட்டுக்குப் போய், மாமனாரைப் பரிசோதிக்கச் சொன்னார். வியாதி பெண் வீட்டுச் சீதனம் என்று பதில் சொல்லி அனுப்பிவிட்டார்கள்.

முதுகுக்கு அச்செடுத்தாற்போல் மாவுக்கட்டுப் படுக்கை செய்து, பதினோரு மாதம் அதில் என்னைக் கிடத்தினார்கள். பென்சிலின் போட்டார்கள். அது வெளியிலிருந்து புகுந்த கிருமிக்குக் கேட்டது, காசத்துக்குக் கேட்கவில்லை. காசத்துக்கும் சீமையில் மருந்து கண்டுபிடித்துவிட்டதாகப் பேசிக்கொண்டார்கள். எங்கள் வார்டுக்கு அது வரவில்லை. அசையாமல் கிடப்பதும், பாலும் முட்டையும்தான் வைத்தியம். ஆசாரமான வீட்டுப் பெண்ணான நான் மூக்கைப் பிடித்துக்கொண்டு முட்டை விழுங்கினேன்.

கணவர் முதலில் ஞாயிறுதோறும் வந்தார். பிறகு மாதம் ஒருமுறை. பிறகு வரவில்லை. அவர் மறுமணம் செய்துகொண்டதை அப்பா கட்டில் கம்பியைப் பிடித்தபடி சொன்னார். அப்போது அதற்குச் சட்டத்தில் தடை இல்லை. வார்டு ஆயாதான் என் கண்ணைத் துடைத்துவிட்டாள்.

"அய்து இன்னா ஆவப்போவுது? முதுகுதான் குலுங்குது. கம்னு கெட."

எலும்பு கூடியது. புண்ணும் ஒருவழியாக மூடியது. வளையாத முதுகோடு, தோல் பெல்ட் கட்டிக்கொண்டு, மறுபடி நடக்கப் பழகினேன். ஒருநாள் கபாலீஸ்வரர் குளத்துக்குப் பக்கத்தில் காய்கறி வாங்கும்போது கோவிலுக்கு வந்திருந்த ஒரு பெண்ணை, என்னோடு வந்த பக்கத்து வீட்டுக்காரி காட்டினாள். அவள்தான் என் கணவரின் புது மனைவி. பதினேழு வயது இருக்கலாம். அருகில் போய் நான் யார் என்று சொன்னேன்.

"மாமனார் படிக்கத்தை நீதான் அலம்பறயா?"

தலையாட்டினாள்.

"அலம்பாதே. அவருக்கு இருக்கறது ஆஸ்துமா இல்லை. எனக்கு அவர்கிட்டேர்ந்துதான் வந்தது."

அவள் புடவைத் தலைப்பால் மூக்கை மூடிக்கொண்டு இரண்டடி பின்னால் நகர்ந்தாள். "நீங்கதான் எங்காத்துக்கு அதைக் கொண்டுவந்தேள்னு மாமியார் சொன்னா," என்றாள். மரியாதையாகத்தான் சொன்னாள். பிறகு வேகமாகப் போய்விட்டாள்.

அப்பாவை அவர்கள் வீட்டுக்கே ஒரு கடிதம் எழுதச் சொன்னேன். எழுதினார். பதில் வரவில்லை. மூன்றாம் வருஷம் அந்தப் பெண்ணைப் பிறந்தகத்துக்கு அனுப்பிவிட்டதாகக் கேள்விப்பட்டேன். அவளுக்கு என்ன உடம்பு என்று, சேதி சொன்ன பக்கத்து வீட்டுக்காரிக்குத் தெரியவில்லை. விசாரித்துத் தெரிந்துகொண்டிருக்கலாம். நான் விசாரிக்கவில்லை.