வெளிக்கிடும்போது கேட்கக் கூடாத கேள்வி

சிவப்புப் புழுதிக்கு ஒரு ருசி உண்டு. இரும்புக் கரண்டியை நக்கியதுபோல நாக்கில் ஒட்டிக்கொண்டு, எவ்வளவு தண்ணீர் குடித்தாலும் போகாத ருசி அது. லண்டன் மோர்டனில் மழையையும் ஈரச் சப்பாத்தையும் மட்டுமே அறிந்து வளர்ந்த எனக்கு, பத்து வயதில், ஆஸ்திரேலியாவின் நடுப் பொட்டல்வெளியில், சித்தப்பாவின் "ஃபோர்வீல்" வண்டியின் பின் இருக்கையில் அந்த ருசி அறிமுகமானது.

சண்டையால் நாட்டைவிட்டுப் புறப்பட்டபோது அப்பா ஒரு பக்கமும் அவருடைய தம்பியான சித்தப்பா இன்னொரு பக்கமும் போய்ச் சேர்ந்தார்கள். அதன் பிறகு பல ஆண்டுகள் இருவரும் தொலைபேசியில் மட்டுமே சகோதரர்களாக இருந்தார்கள். அந்த நத்தார், அதாவது கிறிஸ்துமஸ், விடுமுறைக்கு நாங்கள் அடிலெய்டில் போய் இறங்கியதும் சித்தப்பாவுக்குத் தலைகால் புரியவில்லை. அதுவரை கோயிலுக்கும் கடைக்கும் மட்டுமே ஓடியிருந்த தன் பெரிய வண்டியில் எங்களை "கேம்பிங்" கூட்டிப்போவதென்று முடிவெடுத்துவிட்டார். அங்கே உச்சக் கோடையான டிசம்பர் வெயிலில் அந்தப் பக்கம் ஒருவரும் போவதில்லை என்பது எங்களுக்கும் தெரியாது, அவருக்கும் சரியாகத் தெரியாது. அம்மா தன் பங்குக்கு அரிசி, பருப்பு, இடியப்ப உரல் எல்லாவற்றையும் கட்டிவிட்டு ரைஸ் குக்கரையும் தூக்கிக்கொண்டு வந்தார். "அதை எங்கை குத்துறது அண்ணி, மரத்திலையோ?" என்று சித்தப்பா விழுந்து விழுந்து சிரித்தார். குக்கரும் எங்களோடு வந்தது.

வேலையில் லீவு கிடைக்காததால் சித்தி மட்டும் வீட்டில் நின்றார். வண்டிச் சில்லுகளுக்கடியில் எலுமிச்சம்பழங்களை வைத்து நசுக்கிப் புறப்படும் நேரம் பார்த்து அவர் வாசலில் நின்று, "எந்த ரோட்டாலை போறியள்? எங்கை தங்குவியள்?" என்று கேட்டுவிட்டார். அம்மாவின் முகம் கறுத்தது. "வெளிக்கிடேக்கை எங்கை எண்டு கேக்காதையும் பிள்ளை" என்றார். சித்தி நாக்கைக் கடித்துக்கொண்டார். பிறகு "கோல்" எடுத்துச் சொல்வதாகச் சித்தப்பா கையால் சைகை காட்டினார். ஆனால் ஊர்கள் முடிந்த இடத்தோடு தொலைபேசியும் செத்துப்போனது.

கடைசிப் பெற்றோல் செட்டில் தொப்பி போட்ட ஒரு வெள்ளைக்காரக் கிழவர் இருந்தார். எந்தத் தடத்தால் போகிறீர்கள், எப்போது திரும்புவீர்கள் என்று அவரும் அதையே கேட்டார். அம்மாவுக்கு அந்த அளவு ஆங்கிலம் விளங்கும். அம்மா பார்த்த பார்வையில், கவுன்சில்காரரோடு மணிக்கணக்காக வாதாடக்கூடிய அப்பா, "சும்மா, இப்படித்தான்" என்று மழுப்பிச் சிரித்தார். கிழவர் பின் இருக்கையில் இருந்த என்னைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுப் பெற்றோல் அடித்தார்.

மறுநாள் காலை, வறண்டு கிடந்த ஓர் ஆற்றைக் கடக்கும்போது வண்டி மணலில் வயிறு முட்டப் புதைந்தது. அப்பாவும் சித்தப்பாவும் டயர்க் காற்றை இறக்கினார்கள், கையால் மணல் அள்ளினார்கள், கூடாரத் துணியைச் சில்லுக்கடியில் விரித்தார்கள். சில்லு சுழலச் சுழல வண்டி இன்னும் கீழே போனது. தண்ணீர் அரைக் கேன்தான் மிச்சம். முதல் நாள் மாலை அம்மா வழக்கம்போல அரிசியை மூன்று தண்ணீரில் கழுவி, என்னையும் குளிப்பாட்டிவிட்டிருந்தார்.

அன்று முழுதும் ஒருவரும் வரவில்லை. அடுத்த நாள் வெயில் ஏறியபோது அம்மா தன் பங்குத் தண்ணீரையும் என் வாயில் ஊற்றினார். அவருடைய உதடு வெடித்திருந்தது. "நாங்கள் நிக்கிற இடம் ஒருத்தருக்கும் தெரியாது" என்று அப்பா மெதுவாகச் சொன்னார். அவர் குரலில் கோபம் இல்லை. அம்மா அழத் தொடங்கினார்.

"அண்ணை சைக்கிளை எடுக்கேக்கை எங்கை போறியள் எண்டு நான்தான் கேட்டனான். சந்தைக்கெண்டு சிரிச்சுக்கொண்டு சொன்னவர். பிறகு வரேல்லை. நான் கேட்டிருக்கக் கூடாது."

சண்டைக் காலத்தில் காணாமல் போன பெரிய மாமாவைப் பற்றி அதுவரை வீட்டில் யாரும் வாய் திறந்ததில்லை. அப்பா மணலில் அம்மாவுக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்தார்.

"நீர் கேட்டபடியால்தான் அவரைத் தேடிப் போக ஒரு பக்கமாவது இருந்தது. எங்களைத் தேடுறதெண்டால் சித்தி எந்தப் பக்கம் போவாள், சொல்லும்?"

அம்மா என்னை இழுத்து மடியில் போட்டு, சேலைத் தலைப்பால் வெயிலை மறைத்தார்.

நடுப்பகல் தாண்டிய பிறகு தூரத்தில் புழுதி கிளம்பியது. வந்தது பெற்றோல் செட்டுக் கிழவர்தான். நாங்கள் எந்தத் தடத்தில் நுழைந்தோம் என்று அவர் வாசலில் நின்று பார்த்திருக்கிறார். போனவர்கள் அதே வழியால்தான் திரும்ப வேண்டும், இரண்டு நாளாகியும் திரும்பவில்லை, வண்டியில் பிள்ளை வேறு இருந்தது என்று சொல்லிக்கொண்டே கம்பியைக் கொழுவி எங்கள் வண்டியை இழுத்தெடுத்தார். அவர் கொண்டுவந்த தண்ணீரில் அம்மா, இந்த முறை அரிசியைக் கழுவாமலே, சோறும் பருப்பும் காய்ச்சிப் போட்டார். கிழவர் சாப்பிட்டுவிட்டு எழுந்தபோது அம்மா, தன் ஆங்கிலத்தில், எங்கே போகிறீர்கள், எப்போது போய்ச் சேருவீர்கள் என்று கேட்டார். சித்தப்பா திறந்த வாய் மூடாமல் நின்றார். கிழவர் சிரித்துக்கொண்டு, வீட்டுக்குத்தான், பொழுது சாயுமுன், என்றார்.

மோர்டனுக்குத் திரும்பிய பிறகு அம்மா வேறு ஆளாகிவிட்டார். "டூட்டிங்குக்குப் போட்டு வாறன், மீன் வாங்க. நாலு மணிக்கு வந்திடுவன். வராட்டில் தேடுங்கோ" என்று சொல்லாமல் வாசல் தாண்டமாட்டார். குப்பை போடப் போனாலும் அதே பல்லவிதான். எங்களிடமும் எந்த ஸ்டேஷன், எந்த பஸ், யாரோடு என்று கேட்டுத் துளைத்தெடுப்பார். வளர்ந்த வயதில் எனக்கு அது பெரிய கரைச்சலாக இருந்தது. சிநேகிதிகளுக்கு முன்னால் மானம் போகிறதே என்று அவர்மேல் எரிந்து விழுந்திருக்கிறேன்.

இப்போது எங்கள் வீட்டில் ஒருவரும் ஒருவரையும் எதுவும் கேட்பதில்லை. என் மகள் தோர்ண்டன் ஹீத்தில் நிற்கிறாளா, ரயிலில் வருகிறாளா என்பதைத் தொலைபேசியில் ஒரு நீலப் புள்ளி காட்டிவிடுகிறது. வசதிதான், குறை சொல்வதற்கில்லை. ஆனால் வாசலில் சப்பாத்து மாட்டும்போது முதுகுக்குப் பின்னால் அந்தக் குரல் இல்லாதது எனக்கு இன்னும் பழகவில்லை.

போன மாரிக்குளிரில் அம்மாவை அறுவைச் சிகிச்சைக்கு உள்ளே கொண்டுபோனார்கள். தள்ளுகட்டிலில் படுத்தபடியே என் கையைப் பிடித்து, "ஒப்பரேசனுக்குப் போட்டு வாறன் பிள்ளை. பின்னேரம் வந்திடுவன். வராட்டில் தேடு" என்றார். பின்னேரம் வந்தது, அம்மா வரவில்லை. எந்தப் பக்கம் தேடுவது என்பதை மட்டும் அவர் சொல்லாமல் போய்விட்டார்.