இடது பக்கத்துச் சத்தம்

என் மனைவிக்கு இடது காது கேட்காமல் போனது ஒரு சாதாரணக் காலையில். சமையலறையில் நின்று தன் தங்கையோடு போனில் பேசப் போனவள், "ஹலோ, ஹலோ" என்று கத்திவிட்டு, "நெட்வொர்க்கே இல்ல" என்று சலித்துக்கொண்டாள். ஏதோ நினைத்து போனை வலது காதுக்கு மாற்றினாள். தங்கையின் குரல் தெளிவாகக் கேட்டது.

அவள் ஒரு கல்லூரியில் இயற்பியல் சொல்லித் தருகிறாள். பெங்களூரிலேயே பிறந்து வளர்ந்தவள். நான் வேலூர்ப் பக்கத்திலிருந்து கம்ப்யூட்டர் வேலைக்காக இங்கே வந்தவன். விவேக் நகரில், குழந்தை இயேசு கோயிலுக்குப் பின்னால் இரண்டு தெரு தள்ளிக் குடியிருக்கிறோம்.

"குரும்பியா இருக்கும். ரெண்டு சொட்டு எண்ணெய் விட்டா சரியாயிடும்" என்றேன்.

அவள் வாயை மூடிக்கொண்டு, "ம்ம்ம்" என்று நீளமாக முனகினாள். மறுபடியும் முனகினாள். பிறகு நாற்காலியை இழுத்துப் போட்டு மெல்ல உட்கார்ந்தாள்.

"அடைப்பு இல்லைங்க. ஒரு காதை விரலால மூடிட்டு முனகிப் பாருங்க, மூடின பக்கம்தான் சத்தம் பெரிசாக் கேக்கும். வருஷா வருஷம் கிளாஸ்ல இதைச் செய்ய வைப்பேன். குரும்பி அடைச்சிருந்தா எனக்கு இடது பக்கம்தான் அதிகமாக் கேக்கணும். அங்க ஒண்ணுமே இல்ல."

நான் காதை மூடி முனகிப் பார்த்தேன். அவள் சொன்னது சரி. ஒலி காற்றில் மட்டும் வருவதில்லை, மண்டை எலும்பு வழியாகவும் உள்காதுக்குப் போகிறது என்பது எனக்கு அன்றுதான் உறைத்தது. காதின் வாசல் சரியாகத்தான் இருக்கிறது, உள்ளேதான் ஏதோ நின்றுபோயிருக்கிறது என்று அவளுக்கு டாக்டரைப் பார்க்கும் முன்பே தெரிந்துவிட்டது.

அன்றே காது மருத்துவரிடம் போனோம். அவர் இசைக்கவையைத் தட்டி, அதிர்ந்துகொண்டிருந்த அதன் காம்பை அவளுடைய நெற்றி நடுவில் வைத்தார்.

"எந்தப் பக்கம் கேக்குதும்மா?"

"வலது பக்கம் மட்டும்தான் டாக்டர்" என்றவள், என்னைப் பார்த்துச் சிரிக்க முயன்றாள். "எங்க லேப்லயும் இதே மாதிரி ஒண்ணு இருக்கு."

நரம்பு சம்பந்தப்பட்டது, சிலருக்குத் திரும்பும், சிலருக்குத் திரும்பாது என்றார் அவர். மாத்திரைகள், அப்புறம் செவிப்பறை வழியாக ஊசிகள். எல்லாம் முடிந்தும் அந்தக் காதில் ஓயாத ஒரு இரைச்சல் மட்டுமே மிஞ்சியது.

வீட்டுக்குள் சமாளித்துவிட்டோம். சாப்பிடும்போது நான் வலது பக்கம் உட்கார்ந்தேன். தெருவில்தான் திண்டாட்டம். வலது பக்கம் நடந்தால் நான் பேசுவது அவளுக்குக் கேட்கும், ஆனால் இடது பக்கம் காவல் இருக்காது. அதனால் பேச்சிருந்தால் வலது, ரோட்டைக் கடக்கும்போது இடது என்று மாறி மாறி நடந்தேன்.

ஒரு வியாழக்கிழமை, கோயிலுக்கு வந்த கூட்டம் தெருவை அடைத்திருந்தது. மெழுகுவர்த்திக் கடையில் நான் சில்லறை வாங்க நின்ற நேரத்தில் ஒரு ஆட்டோ ஹாரன் அடித்தது. அவள் வலது பக்கம் திரும்பிப் பார்த்து, பயந்து இடது பக்கம் விலகினாள். ஆட்டோ வந்ததே இடது பக்கத்திலிருந்துதான். அவள் முழங்கைக்கு ஒரு சாண் தள்ளிப் பிரேக் அடித்து நின்றது.

"ஏம்மா, கண்ணு தெரியலயா?" என்றார் டிரைவர்.

"கண்ணு தெரியுதுண்ணா" என்றாள்.

வீட்டுக்கு வந்து கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து அழுதாள். பக்கத்தில் உட்கார்ந்தேன். முதலில் தவறான பக்கம் உட்கார்ந்து, பிறகு எழுந்து மாறி உட்கார்ந்தேன். அதைப் பார்த்து அழுகையினூடே சிரித்துவிட்டாள்.

"சத்தம் ஒரு காதுக்கு முன்னாடி வருது, இன்னொரு காதுக்குத் துளி பின்னாடி வருது. அந்தத் துளி வித்தியாசத்தை வச்சுத்தான் எந்தத் திசைன்னு மூளை கண்டுபிடிக்குது. எனக்கு இப்ப எல்லாமே வலது பக்கத்துல இருந்துதான் வருது. இத்தனை வருஷமா போர்டுல படம் போட்டுச் சொல்லியிருக்கேன். இது இவ்வளவு பெரிய விஷயம்னு எனக்கே தெரியல." கண்ணைத் துடைத்துக்கொண்டு, "வேலையை விட்டுடலாம்னு இருக்கேங்க" என்றாள்.

வகுப்பில் இடது பக்கம் உட்கார்ந்திருந்த ஒரு மாணவி மூன்று நான்கு தடவை கேள்வி கேட்டு, இவள் திரும்பாததால் முகம் வாடிப் போயிருக்கிறாள். 'மேமுக்கு என் மேல ஏதோ கோபம்' என்று தோழிகளிடம் சொல்லி வருந்தியது, சக ஆசிரியை ஒருவர் மூலம் அன்றுதான் இவள் காதுக்கு வந்திருந்தது.

விட வேண்டாம் என்றோ, விடு என்றோ நான் சொல்லவில்லை. "அந்தப் பொண்ணுகிட்ட மட்டும் சொல்லிடு" என்றேன்.

அவள் எல்லோரிடமும் சொன்னாள். அடுத்த வகுப்பை மைதானத்துக்குக் கூட்டிப் போய், தன்னைச் சுற்றி வட்டமாக நிற்க வைத்து, துப்பட்டாவால் கண்ணைக் கட்டிக்கொண்டாள். யாராவது ஒருவர் கை தட்ட வேண்டும், இவள் திசையைக் காட்ட வேண்டும். எங்கே தட்டினாலும் இவள் விரல் வலது பக்கமே நீண்டது. முதலில் விளையாட்டென்று சிரித்தார்கள். பிறகு சிரிப்பு நின்றுபோனது.

கட்டை அவிழ்த்துவிட்டு, "என் இடது காது போயிடுச்சு. கோபமெல்லாம் இல்ல. கேள்வி இருந்தா கையைத் தூக்குங்க, இல்லன்னா வலது பக்கமா வந்து கேளுங்க" என்றிருக்கிறாள். பிறகு அவர்கள் ஒவ்வொருவரும் ஒரு காதில் பஞ்சை அடைத்துக்கொண்டு திசை தேடித் தடுமாறினார்களாம். அலைகளைப் பற்றி அவ்வளவு கேள்விகள் வந்த வகுப்பு அதுவரை நடந்ததில்லை என்றாள்.

மறுநாள் மாலை வீட்டுக்குள் நுழைந்ததும் பையைக்கூடக் கீழே வைக்காமல் சொன்னாள்.

"கிளாஸுக்குப் போனா என் டேபிளைக் காணோம். எனக்கு இடது பக்கச் சுவரோட ஒட்டித் தள்ளி வச்சிருக்காங்க. அங்க நின்னா எல்லாப் பசங்களும் எனக்கு வலது பக்கம்தான். யாரு செஞ்சதுன்னு கேட்டேன், ஒருத்தரும் வாயைத் திறக்கல."

கண் கலங்கியிருந்தது. வேலையை விடும் பேச்சு அதற்குப் பிறகு வரவில்லை.

காது திரும்பவில்லை. செத்த பக்கத்துச் சத்தத்தை நல்ல காதுக்கு அனுப்பும் கருவி ஒன்றை வாங்கினோம். பேருந்தில் போகும்போது மட்டும் மாட்டிக்கொள்கிறாள்.

போன ஞாயிறு மத்தியானம் மாடி வீட்டில் சுவரில் துளை போட்டுக்கொண்டிருந்தார்கள். எனக்குத் தலை தெறித்தது. இவளோ நல்ல காதைத் தலையணையில் அழுத்திக்கொண்டு நிம்மதியாகத் தூங்கினாள். டீ போட்டு எடுத்துப் போனேன். கூப்பிட்டுப் பயனில்லை. தோளைத் தொட்டேன்.