அடையாள அட்டையிலிருந்து பிறந்த தேதி எடுக்கும் கோட்

புரோகிராம் எழுதுகிறவர்களான எங்கள் வாட்ஸ்அப் குழுவில் யாராவது ஒரு கோட் துண்டைப் போட்டால் அடுத்த நிமிடமே கட்டைவிரல்கள் வந்து விழும். படித்துப் பார்த்துத்தான் போடுகிறார்களா என்று கேட்காதீர்கள். நானும் அப்படித்தான், படிக்காமலே ஒரு துண்டை எடுத்து என் வேலையில் போட்டேன். அதனால் ஸ்பிரிங்வெளித் தேயிலைத் தோட்டத்தில் ஒரு பெண்ணின் தாதிப் படிப்பு போனது. இன்றைக்கும் நினைத்தால் பற்றிக்கொண்டு வருகிறது.

பதுளைக் கடைத்தெருவில் ஒரு துணிக்கடைக்கு மேல்மாடியில் எங்கள் அலுவலகம். முதலாளியோடு சேர்த்து நாலு பேர். தாதியர் பயிற்சி நிலையம் ஒன்று ஆன்லைன் விண்ணப்பம் செய்து தரச் சொன்னது. பிறந்த தேதியும் அடையாள அட்டை இலக்கமும் பொருந்தாவிட்டால் விண்ணப்பம் உள்ளே போகக் கூடாது என்பது அவர்கள் போட்ட நிபந்தனை. குழுவில் கேட்டேன். பத்து வரியில் ஒரு துண்டு வந்தது. "ரெண்டு வருசமா ஓடுது மச்சான், கண்ண மூடிக்கிட்டு போடு" என்று கூடவே ஒரு குறிப்பு. அதில் சொன்னபடியே செய்தேன், கண்ணையும் மூடிக்கொண்டு.

புதிய அட்டை இலக்கத்தில் முதல் நாலு எண் பிறந்த வருடம். அடுத்த மூன்று எண், அந்த வருடத்தில் எத்தனையாவது நாள் என்பது. பெண்ணென்றால் அதோடு ஐந்நூறு கூட்டியிருக்கும். இவ்வளவும் அந்தத் துண்டுக்குத் தெரியும். ஆனால் அட்டைக் கணக்கில் எல்லா வருடமும் பெப்ரவரிக்கு இருபத்தொன்பது நாள். அது மட்டும் அதற்குத் தெரியாது. ஆகவே சாதாரண வருடத்தில் பெப்ரவரிக்குப் பிறகு பிறந்த எல்லோரையும் அது ஒரு நாள் பிந்திப் பிறக்க வைத்தது. என் இலக்கத்தைப் போட்டுச் சோதித்தேன். நான் ஜனவரிக்காரன், சரியாக வந்தது. முதலாளியின் இலக்கத்தையும் போட்டேன். அவர் லீப் வருடத்தில் பிறந்தவர், அதுவும் சரி. சோதனை முடிந்தது என்று டீ குடிக்கப் போய்விட்டேன்.

போதாக்குறைக்கு, ஆட்களுக்கு உதவுகிறேன் பேர்வழி என்று ஒரு வசனமும் எழுதிவைத்தேன்: 'உங்கள் இலக்கத்தின்படி பிறந்த தேதி இது', பக்கத்தில் அந்தத் தவறான தேதி.

வேறு ஊராக இருந்தால் அன்றைக்கே போன் போட்டுக் கிழித்திருப்பார்கள். இங்கே ஒருத்தரும் மூச்சு விடவில்லை. ஏனென்று எனக்குத் தெரிந்திருக்க வேண்டும், நானும் தோட்டத்து லய வீட்டில் வளர்ந்தவன்தானே. என் அப்பாவுக்கு மூன்று பிறந்த தேதி: பிறப்புப் பத்திரத்தில் ஒன்று, அட்டையில் ஒன்று, செக்ரோல் என்கிற தோட்டத்துச் சம்பளப் பதிவில் ஒன்று. எழுதுகிறவர் எழுதியதுதான் தேதி என்று பழகிப்போன சனம் நாங்கள். பிழை என்று கம்ப்யூட்டர் சொன்னதும் வாய் பேசாமல் அது காட்டிய தேதியையே அடித்து அனுப்பிவிட்டார்கள்.

நேர்முகத் தேர்வில் விண்ணப்பத்தில் ஒரு தேதி, பிறப்புப் பத்திரத்தில் ஒரு தேதி. பொய்த் தகவல் என்று திருப்பி அனுப்பினார்கள். கூட ஆள் வந்திருந்த பிள்ளைகளுக்காகப் பெரியவர்கள் சத்தம் போட்டு உள்ளே சேர்த்துவிட்டார்கள். தனியாக வந்த ஸ்பிரிங்வெளிப் பெண் மட்டும் ஒன்றும் பேசாமல் பஸ் ஏறிவிட்டாள்.

பயிற்சி நிலையத்தில் விண்ணப்பங்களைப் பார்க்கும் லிகிதர், யாழ்ப்பாணத்து அம்மா, ஒரு வாரம் கழித்து அழைத்தார். "தம்பி, உங்கட சிஸ்டத்தில ஏதோ பிழை கிடக்கு. எல்லாருக்கும் ஒரு நாள்தான் வித்தியாசம். ஒருக்கா பாருங்கோ."

பார்த்தேன். ஒரே ஒரு வரியில் திருத்தம். பிறகு குழுவில் பின்னோக்கித் தேடினேன். அதே துண்டு முன்பும் வந்திருக்கிறது. அதற்குக் கீழே ஹாலிஎலவில் ஐ.டி. படிப்பிக்கும் ஆசிரியர் ஒருவர், "பெப்ரவரிக்கு எப்பவும் 29 நாள் எடுங்க, இல்லாட்டி ஒரு நாள் பிந்தும்" என்று தெளிவாக எழுதியிருந்தார். ஒரு கட்டைவிரல் இல்லை. அடுத்த செய்தி, ரோஜாப்பூவோடு காலை வணக்கம். போனைச் சுவரில் அடிக்கலாம் போல இருந்தது. யார்மேல் கோபம் என்று கேட்டால், முதலில் என்மேல்தான்.

பயிற்சி நிலையத்தோடு சண்டை பிடித்தேன். இடம் நிரம்பிவிட்டது, வகுப்பும் தொடங்கிவிட்டது, அடுத்த முறை பார்க்கலாம் என்றார்கள். கடைசியில் விண்ணப்பத்திலிருந்த எண்ணுக்கு நானே அழைத்தேன்.

"மலையில நிக்கிறேன் சார். கொழுந்து எடுக்க வந்துட்டேன், சொல்லுங்க" என்றாள்.

"தப்பு என்னோடது. நான் போட்ட கோட் பிழை. உங்க மேல ஒண்ணுமே இல்ல."

"பரவால்லீங்க சார். அட்டையிலதான் தப்பா அடிச்சிட்டாங்கனு நெனச்சு நானே மாத்திட்டேன்."

அவள் என்னைத் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அடுத்த முறை கட்டாயம் போடுங்கள், நானே கூட வந்து பேசுகிறேன் என்றேன். "பாக்கலாம் சார்" என்றாள். எங்கள் ஆட்கள் எந்த நேரத்தில் அப்படிச் சொல்வார்கள் என்று எனக்குத் தெரியும்.

வைக்கப்போன நேரம் அவள் கேட்டாள். "அப்ப நான் பதினாலாந்தேதிதான் பொறந்தேன், இல்லீங்களா சார்?"

"ஆமாங்க."

"எங்கம்மாவும் அதத்தான் சொன்னாங்க. நாந்தான் நம்பல."