படுக்கையறையில் இருபது லிட்டர்

என் அக்கா திவ்யாவின் கணவர் ஹேமநாதனுக்கு முப்பத்தொன்பது வயது. அண்ணனூர் ரயில் நிலையத்திலிருந்து நடக்கும் தூரத்தில், மூன்றாம் மாடியில், ஒற்றைப் படுக்கையறை ஃபிளாட். பதினாறு வருடமாக மென்பொருள் வேலை. இத்தனை வருடத்தில் அவர் எதையாவது தொடங்காமல் இருந்ததில்லை, தொடங்கியதை முடித்ததுமில்லை. பால்கனியில் துருப்பிடிக்கும் சைக்கிள், உறை பிரிக்காத கிட்டார், மொட்டைமாடியில் காலியான தேனீப் பெட்டி. நான் ஐந்து வருடம் ஊர் ஊராகச் சுற்றிவிட்டு வந்து அவர்கள் வீட்டு ஹாலில் தங்கியிருந்த மே மாதத்தில், அவர் பியரில் இறங்கியிருந்தார்.

காய்ச்சினார் என்று சொல்வதே மிகை. இணையத்தில் வரவழைத்த மால்ட் என்கிற முளைகட்டிய பார்லிச் சாற்றை வெந்நீரில் கரைத்து, ஆறவைத்து, பெரிய பிளாஸ்டிக் டிரம்மில் இருபது லிட்டர் நிரப்பி, ஒரு பாக்கெட் ஈஸ்ட்டைத் தூவி மூடினார். அரை நாள் வேலை. அதற்கு முன் இரண்டு மாதம் வீட்டில் இருந்த எல்லோருக்கும் பாடம் எடுத்தார். அவர்களுடைய ஆறு வயது மகள் பவ்யாவுக்கும்தான்.

ஆனால் இந்த முறை அது பொழுதுபோக்கு இல்லை. அவருடைய கல்லூரி நண்பர் ஜெகதீஷ் பெங்களூரில் சொந்தமாகப் பியர் காய்ச்சி விற்கும் கடை நடத்துகிறார். காய்ச்சும் பொறுப்புக்கு ஒரு கூட்டாளி வேண்டுமாம். மாதக் கடைசி ஞாயிற்றுக்கிழமை வருகிறேன், டிரம்மிலிருந்தே குடித்துப் பார்க்கிறேன் என்று சொல்லியிருந்தார். அவருக்குப் பிடித்தால் மாமா வேலையை விட்டுவிடுவார். ராஜினாமாக் கடிதம் எழுதித் தயாராக இருந்தது. அக்காவிடம் இதைப் பற்றி அவர் கேட்கவில்லை. அறிவித்தார்.

பியர் குளிர்நாட்டுப் பானம் என்பது அவருடைய கண்டுபிடிப்பு. ஆகவே வீட்டின் ஒரே ஏசி டிரம்முக்குப் போனது. பதினாறு டிகிரி, இரவும் பகலும். டிரம் படுக்கையறையில் சொகுசாக இருக்க, அக்காவும் பவ்யாவும் நானும் ஹாலில் ஃபேனுக்கு அடியில் வெந்தோம். குழந்தையின் கழுத்து முழுக்க வேர்க்குரு.

முதல் மூன்று நாள், கரைசலில் மிச்சமிருந்த வெதுவெதுப்பில் மூடியில் செருகியிருந்த குழாய் வழியாகக் குமிழ் வந்தது. நான்காம் நாள் நின்றது. ஈஸ்ட் சர்க்கரையைத் தின்று உள்ளே இனிப்பு குறையக் குறைய, அதை அளக்கும் கண்ணாடி மிதவை ஆழமாக அமிழ வேண்டும். அது நாள்கணக்கில் ஒரே கோட்டில் நின்றது. மிதவைதான் கெட்டுவிட்டது என்று தீர்மானித்து இன்னொன்று வாங்கினார். அதுவும் அதே கோட்டில் நின்றது.

“ரெண்டும் ஒரே பேட்ச்ல வந்த டிஃபெக்ட் பீஸ்” என்றார்.

நான் போலந்தில் ஒரு சிறிய பியர் ஆலையில் நான்கு மாதம் வேலை பார்த்தவள். “மாமா, இந்த ஈஸ்ட் குளிர்ல தூங்கிடும். ஏசிய நிறுத்துங்க” என்றேன்.

“நீ அங்க தொட்டி கழுவுன, கனி. காய்ச்சல.”

உண்மைதான். தொட்டி கழுவியவளுக்குத் தெரிந்தது அவருக்குத் தெரியவில்லை என்பது மட்டும் அவருக்கு உறைக்கவில்லை.

வீட்டில் பியர் காய்ச்சுவது வெளியே தெரிந்தால் வம்பு. அதனால் வீட்டு வேலைக்கு வரும் நாகம்மாவிடம், டிரம்மில் இருப்பது எலுமிச்சைத் தோலை ஊறவைத்துச் செய்யும், தரை துடைக்கிற என்ஸைம் என்று சொல்லி வைத்திருந்தார். அடுக்ககத்தில் பாதி வீடுகளில் அந்தப் பைத்தியம் இருந்ததால் நாகம்மாவும் நம்பிவிட்டார். ஒன்பதாம் நாள் காலை பினாயில் தீர்ந்துபோயிற்று. நாகம்மா டிரம்மைத் திறந்து, ஒரு மக் மொண்டு, ஹாலையும் சமையலறையையும் துடைத்துவிட்டார்.

அரை மணி நேரத்தில் எறும்புகள் வந்தன. சுவரோரமாக ஒரு வரிசை, பால்கனிக் கதவிடுக்கில் ஒரு வரிசை.

“இன்னா சார் லிக்விடு இது?” என்று நாகம்மா இடுப்பில் கைவைத்து நின்றார். “தொடச்ச எடமெல்லாம் காலு ஒட்டுது. எறும்புங்கோ பந்திக்கு வர்றா மாதிரி வந்துகினு கீது!”

“யாரக் கேட்டு டிரம்மைத் தொறந்தீங்க?”

“நீதானே சார் தரைக்குன்னு சொன்னே? பாயசத்த வச்சி ஊடு தொடைக்கிறத இப்பத்தான் பாக்குறேன், நைனா!”

இரண்டு மிதவைகளை நம்பாத மனிதர் எறும்புகளையா நம்புவார்? மால்ட் வாசனைக்கே எறும்பு வரும் என்று விளக்கம் சொன்னார். அன்று மாலை ஒரு கைப்பிடி நாட்டுச் சர்க்கரையை டிரம்மில் போட்டார். தின்ன ஆள் இல்லாத இலையில் இன்னொரு கரண்டி பரிமாறும் புத்திசாலித்தனம்.

அக்காவுக்குப் புரிந்துவிட்டது. மறுநாள் அவர் அலுவலகம் கிளம்பியதும் என்னிடம் கேட்டாள்.

“அப்ப சக்கரை உள்ள அப்படியே கெடக்கு. சூடு பட்டா முடிஞ்சிடுமா?”

“முடிஞ்சிடும்க்கா. அவர்கிட்ட நீ சொல்லேன்.”

“சொன்னா ரிமோட்டை ஆபீசுக்கு எடுத்துட்டுப் போயிடுவாரு. இது சீக்கிரம் முடியட்டும், பாப்பா கட்டில்ல படுக்கணும்.”

ஏசியை அணைத்து ஜன்னலைத் திறந்தாள். மே மாத வெயில் எட்டிப் பார்த்த அறையில், மதியத்துக்குள் குழாய் பொளக் பொளக்கென்று சத்தம் போட்டது. மாலை அவர் வரும் நேரத்துக்கு மறுபடி பதினாறில் வைத்தாள். அவர் வந்தார், குமிழைக் கண்டார், “நாட்டுச் சர்க்கரை!” என்று கத்தினார். அவர் அலுவலகம் போன அடுத்த பத்து நாளும் அக்கா பகலில் அணைத்தாள், மாலையில் போட்டாள். மிதவை அடிவரைக்கும் அமிழ்ந்தது. அவர் இணையக் குழு ஒன்றில் நாட்டுச் சர்க்கரை முறை பற்றி நீண்ட பதிவு எழுதினார்.

ஞாயிற்றுக்கிழமை ஜெகதீஷ் வந்தார். கண்ணாடி டம்ளரில் பிடித்து, முகர்ந்து, இரண்டு வாய் குடித்தார்.

“நின்னுபோச்சுன்னு போன்ல சொன்னியே மச்சான், எப்படி எழுப்புன?”

“பொறுமைதான். பதினாறுலயே வச்சேன். கொஞ்சம் நாட்டுச் சர்க்கரை.”

“பதினாறுல இது எழுந்திருக்காதுடா. இது சூட்டுல வெந்த வாசனை. நெஜத்த சொல்லு.”

“நான் அளந்து எழுதி வச்சிருக்கேன் மச்சான்! நோட்டு காட்டவா?”

சாப்பாட்டுத் தட்டோடு வந்த அக்கா சாதாரணமாகச் சொன்னாள்: “பகல்ல ஏசிய நான்தாங்க நிறுத்தினேன். பத்து நாளா.”

மாமாவின் முகத்தைப் பார்த்தேன். கோபம்கூட வரவில்லை, நோட்டைப் பார்த்தார், அக்காவைப் பார்த்தார், மறுபடி நோட்டைப் பார்த்தார்.

“சரக்கு சுமார்” என்றார் ஜெகதீஷ். “அது பரவால்ல. மொத தடவை எல்லாருக்கும் சுமார்தான். ஆனா உன் டிரம்முல என்ன நடந்துச்சுன்னே உனக்குத் தெரியலையே மச்சான். நான் என் கடையோட ரெண்டாயிரம் லிட்டர உன்கிட்ட எப்படி விட்டுட்டுப் போவேன்?”

பிறகு அக்காவின் மீன் குழம்பை இரண்டு முறை வாங்கிச் சாப்பிட்டுவிட்டு ரயிலுக்குக் கிளம்பிவிட்டார்.

மாமா நோட்டை மூடி வைத்தார். திங்கட்கிழமை காலை குளித்து, சட்டையை இஸ்திரி போட்டு, அடையாள அட்டையைக் கழுத்தில் மாட்டிக்கொண்டார். அக்கா டிபன் பாக்ஸைக் கையில் கொடுத்தாள். செருப்பு மாட்டிக்கொண்டே சொன்னார்.

“பெங்களூர் தண்ணி பியருக்கே ஆகாது. நான்தான் வேண்டாம்னுட்டேன்.”

“சரி” என்றாள் அக்கா. அவர் படியிறங்கிப் போனார்.